ஒரே களஞ்சியம், வேறு வேறு கணினிகள்: மொரீஷியஸ் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025

ரோஸ் ஹில் அலுவலகத்தில் உபுண்டு ஓடும் இன்டெல் மேசைக்கணினி, கியூர்பிப் வீட்டில் எம்2 மேக்புக், போர்ட் லூயியில் ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாத பொது லினக்ஸ் சர்வர். முதல் இரண்டிலும் நிக்ஸ் (மென்பொருள் நிறுவும் கருவி), ஹோம் மேனேஜர் 24.11 (நிக்ஸைக் கொண்டு பயனரின் அமைப்புக் கோப்புகளை வைக்கும் கருவி). மூன்றின் அமைப்புக் கோப்புகளுக்கும் ஒரே கிட் களஞ்சியம் (மாற்றங்களைப் பதிந்துவைக்கும் சேமிப்பு), ஒரே கிளை. கணினிக்கொரு கிளை வைத்தால் ஒன்றில் செய்த திருத்தத்தை மற்றதற்குக் கையால் கொண்டுபோக வேண்டும். சில மாதத்தில் எது எங்கே இருக்கிறதென்றே புரியாது.

கோப்புகளை வேலைவாரியாகப் பிரித்தோம்: ஷெல், கிட், எடிட்டர், தமிழ். ஒவ்வொன்றும் தனி மாட்யூல் (அமைப்புத் துண்டு). கணினிக்கான கோப்பில் பயனர் பெயர், ஹோம் அடைவு, ஸ்டேட்வெர்ஷன் (முதலில் நிறுவிய பதிப்பின் எண்), வேண்டிய மாட்யூல்களின் இம்போர்ட்ஸ் பட்டியல், அவ்வளவுதான். ஸ்டேட்வெர்ஷன் முதல் நிறுவலின்போது எழுதியபடியே இருக்கட்டும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது அதை ஏற்றத் தேவையில்லை. மேக்கில் ஹோம் அடைவு /யூசர்ஸ் அடியிலும் லினக்ஸில் /ஹோம் அடியிலும் இருப்பதால், மாட்யூலுக்குள் முழுப் பாதையை எழுதவே கூடாது.

பிப்ரவரி 4

புதிய மாட்யூலை எழுதி ஸ்விட்ச் (அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவரும் கட்டளை) கொடுத்தால் ‘கோப்பே இல்லை’ என்று பிழை வரும். கிட் களஞ்சியத்தில் இருக்கும் ஃப்ளேக் (நிக்ஸ் அமைப்பின் தொடக்கக் கோப்பு), கிட் அறிந்த கோப்புகளை மட்டுமே பார்க்கும். கிட் ஆட் கொடுத்துக் கோப்பை அறிமுகப்படுத்தினால் போதும், கமிட் (நிரந்தரப் பதிவு) தேவையில்லை.

‘மேக் என்றால் இந்த மாட்யூல்’ என்று இம்போர்ட்ஸ் வரியிலேயே நிபந்தனை போட்டால் முடிவிலாச் சுழற்சிப் பிழை வரும். எல்லா மாட்யூல்களையும் சேர்த்த பிறகுதான் பேக்கேஜ் தொகுப்பு தீர்மானமாகிறது. அதைக் கேட்டு மாட்யூலைத் தேர்ந்தெடுக்க முடியாது. மாட்யூலை எப்போதும் இம்போர்ட் செய்துவிட்டு, உள்ளே எம்கேஇஃப் (நிபந்தனை போடும் நிக்ஸ் சொல்) கொண்டு அமைப்புகளை மட்டும் அணைக்க வேண்டும்.

பிப்ரவரி 7

தமிழ் மாட்யூல்தான் அதிகம் கவனம் கேட்கிறது. இந்தத் தீவில் பிரெஞ்சு அசெர்ட்டி விசைப்பலகையும் ஆங்கிலக் குவெர்ட்டியும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும். ஃபிசிடிஎக்ஸ்5 (லினக்ஸில் மொழி உள்ளீட்டுக் கருவி) வழியாக எம்17என் (பன்மொழி விசைப்பலகைத் தொகுப்பு) தரும் தமிழ்99 போட்டால், அது விசையின் இடத்தைப் பார்ப்பதில்லை, விசை தரும் எழுத்தைப் பார்க்கிறது. குவெர்ட்டியில் நடுவரிசையின் இடது கோடியில் இருக்கும் அகரம், அசெர்ட்டியில் மேல்வரிசைக்குப் போய்விடும். தமிழ்99 பழகிய விரல்களுக்கு இது பெரும் இடைஞ்சல். ஃபிசிடிஎக்ஸின் ப்ரொஃபைல் கோப்பில் தமிழ்99க்கு மட்டும் லேஅவுட் ‘யுஎஸ்’ என்று குறித்தால் விசைகள் பழைய இடத்துக்கே வரும். பிரெஞ்சுக்கு ‘எஃப்ஆர்’ அப்படியே இருக்கட்டும். எக்ஸ்11இல் இது சரியாக நடக்கிறது. வேலேண்டில் டெஸ்க்டாப்பைப் பொறுத்தது (இரண்டும் லினக்ஸின் திரைக்காட்சி முறைகள்).

அந்த ப்ரொஃபைல் கோப்பை ஃபிசிடிஎக்ஸ் தானே திருப்பி எழுதும். ஹோம் மேனேஜர் வைத்த இணைப்பு (வேறிடத்துக் கோப்பைச் சுட்டுவது) போய், அதன் இடத்தில் சாதாரணக் கோப்பு உட்காரும்; அடுத்த ஸ்விட்ச் ‘இருக்கும் கோப்பு அழிந்துவிடும்’ என்று நிற்கும். பழையதை வேறு பெயரில் ஒதுக்கிவைக்கும் ‘-பி பேக்கப்’ ஒருமுறை உதவும். பழைய பேக்கப் கோப்பு கிடந்தால் மறுமுறை அதுவும் நிற்கும். இந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஃபோர்ஸ் (கேட்காமல் மேலெழுதும் அமைப்பு) போடுவது நல்லது.

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தும் லினக்ஸில் செயலிகளுக்குத் தெரியவில்லையென்றால் ஃபான்ட்கான்ஃபிக் (செயலிகளுக்கு எழுத்துருவைத் தேடித் தருவது) அமைப்பு அணைந்திருக்கலாம்.

பிப்ரவரி 12

நேற்று காவடி விடுமுறை. இன்று கடவுச்சொற்கள். நிக்ஸ் ஸ்டோரை (நிக்ஸ் எல்லாவற்றையும் வைக்கும் அடைவு) அந்தக் கணினியில் யாரும் படிக்கலாம்; ஆகவே டோக்கனையோ சாவியையோ மாட்யூலுக்குள் எழுதுவது ஆபத்து, களஞ்சியம் தனிப்பட்டதாக இருந்தாலும். சாப்ஸ்-நிக்ஸ் (ரகசியங்களைக் குறியாக்கி வைக்கும் கருவி) வைத்தோம்: கணினிக்கொரு ஏஜ் (குறியாக்க முறை) சாவி, ரகசியக் கோப்பு எல்லாச் சாவிக்கும் சேர்த்துக் குறியாக்கம். புதுக் கணினி வந்தால் அதன் பொதுச்சாவியை விதிக்கோப்பில் எழுதி, ஏற்கெனவே திறக்கக்கூடிய கணினியிலிருந்து அப்டேட்கீஸ் (புதுச் சாவிக்கும் சேர்த்து மறுபடி குறியாக்கும் கட்டளை) ஓட்ட வேண்டும்.

பிப்ரவரி 14

புயல் பருவம், மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பதிவிறக்கத்திலோ கட்டுமானத்திலோ நின்றால் பழைய அமைப்புக்கு ஒன்றும் ஆகாது. கோப்புகளை இணைக்கும் கடைசிக் கட்டத்தில் நின்றால் ஸ்விட்சை மறுபடி ஓட்டினால் சரியாகும். லாக் கோப்பை (மென்பொருள் பதிப்புகளைக் குறித்துவைப்பது) ஒரே கணினியில் புதுப்பித்து, கட்டிப் பார்த்த பிறகே களஞ்சியத்துக்குப் புஷ். இன்டெல் லினக்ஸில் கட்டியது மேக்குக்கு உதவாது. இரண்டும் தனித்தனியே இறக்க வேண்டும்.

பிப்ரவரி 17

சர்வரில் ரூட் இல்லாததால் நிக்ஸ் வேண்டாம் என்று முடிவு. கோப்புகளை இணைப்புகளாக வைக்கும் க்னூ ஸ்டோ போதும். எடிட்டர், கிட் கோப்புகளை மட்டும் அங்கே எளிய உரையாக வைத்தோம். ஹோம் மேனேஜரும் அதே கோப்புகளையே படிக்கிறது. ஸ்டோவை ‘நோ-ஃபோல்டிங்’ இல்லாமல் ஓட்டக் கூடாது: கான்ஃபிக் அடைவு இன்னும் உருவாகாத பயனர் கணக்கில் அது முழு அடைவையே களஞ்சியத்துக்கு இணைத்துவிடும், பிறகு மற்ற செயலிகள் எழுதுவதெல்லாம் கிட் ஸ்டேட்டஸில் வந்து நிற்கும்.