டெக்சாஸில் பம்ப் ஷாட்கன் வாங்கிய கதை

முதல் சனிக்கிழமை அந்தப் பெரிய துப்பாக்கிக் கடையில் ஐம்பது நிமிடம் வரிசையில் நின்று, கவுண்டருக்கு வந்ததும் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக் கொடுத்தேன். அங்கிருந்த இளைஞன் அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் இதே முகவரியில்தான் இருக்கிறீர்களா?" என்று கேட்டான். மூன்று மாதத்துக்கு முன்னால் வீடு மாறிவிட்டோம் என்று உள்ளதைச் சொன்னேன். உரிமத்தை என் பக்கம் தள்ளினான். "புது முகவரியோடு வாருங்கள்." அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டான்.

அவன் சொன்னதில் பாதி சரி. வாங்குபவரின் இப்போதைய முகவரி, அரசு கொடுத்த ஆவணத்தில் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது ஓட்டுநர் உரிமத்திலேயே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உரிமத்தில் பழைய முகவரி இருந்தால், புது முகவரி உள்ள இன்னொரு அரசு ஆவணத்தைச் சேர்த்துக் காட்டலாம். வண்டிப் பதிவுத் தாள் போதும், வேட்டை உரிமம் போதும். என் வண்டிப் பதிவுத் தாள், புது முகவரியோடு, வெளியே நின்ற காரின் டேஷ்போர்டு பெட்டிக்குள் இருந்தது. நாற்பது அடி தூரம். இது எனக்குத் தெரிந்தது இரண்டு வாரம் கழித்து. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. மின்கட்டண ரசீது, வங்கிக் கடிதமெல்லாம் செல்லாது, அவை அரசு ஆவணம் இல்லை. அந்தக் கடையில் எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் மின்கட்டண ரசீதோடுதான் வந்திருந்தார், பாவம்.

எதற்கு ஷாட்கன் என்று கேட்பவர்களுக்கு: ஜனவரியில் நான் அலுவலக வேலையாக வெளியூர் போயிருந்த ஒரு இரவில், இரண்டு மணிக்கு யாரோ எங்கள் பின்கதவின் கைப்பிடியைத் திருகியிருக்கிறார்கள். வீட்டில் மனைவியும் ஆறு வயது மகளும் மட்டும். 911 என்ற அவசர எண்ணுக்குக் கூப்பிட்டு, போலீஸ் வந்து சேர 19 நிமிடம் ஆனது. அதற்குள் வந்தவன் போய்விட்டான். அந்தப் பத்தொன்பது நிமிடமும் மனைவி அலமாரிக்குள் மகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூட்டை மாற்றினோம், விளக்குப் போட்டோம், கேமரா வைத்தோம். அதற்குப் பிறகு அவளே சொன்னாள்: "ஏங்க, இதெல்லாம் அவனைப் படம்தான் எடுக்கும்."

என்ன வாங்குவது என்று சேலத்து அண்ணா ஒருவரிடம் கேட்டேன். இருபது வருடமாக இங்கே காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவர். "ரெமிங்டன் 870 எடுங்க தம்பி, கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றார். 1950-லிருந்து வந்துகொண்டிருக்கும் துப்பாக்கி, பழுது பார்க்க ஆளும் உதிரி பாகமும் எங்கும் கிடைக்கும், அவர் சொன்னதில் தவறில்லை. பட்ஜெட் குறைவு என்றால் மாஸ்பெர்க் மேவரிக் 88, கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தால் மாஸ்பெர்க் 500. பன்னிரண்டு கேஜ் (கேஜ் என்பது குழலின் உள்விட்ட அளவு, எண் சிறியதானால் குழல் பெரியது), பதினெட்டரை அங்குலக் குழல். எல்லா இடத்திலும் சொல்வது இதுதான். (பதினெட்டு அங்குலத்துக்குக் கீழே போனால் வேறு சட்டம், வேறு பதிவு. அந்தப் பக்கமே போக வேண்டாம்.)

அவர் வீட்டு 870-ஐ மனைவி கையில் கொடுத்துப் பார்த்தபோதுதான் சங்கதி புரிந்தது. அவள் ஐந்தடி ஒரு அங்குலம். இடதுகைப் பழக்கம். சரியான அளவா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, துப்பாக்கியின் அடிக்கட்டையை முழங்கை மடிப்பில் வைத்து, விரல் ட்ரிகரை எட்டுகிறதா என்று பார்ப்பது. அவளுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் எட்டவில்லை. தோளில் வைத்தால் உடம்பைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். அந்த நிலையில் சுட்டால் உதை நேராக முகத்துக்கு வரும். 870-இன் சேஃப்டி பொத்தான் (தவறிச் சுட்டுவிடாமல் ட்ரிகரைப் பூட்டுவது) ட்ரிகருக்குப் பின்னால், வலதுகைக்காரர் விரலுக்கு வசதியாக இருக்கிறது. இடதுகைக்காரர் அதைத் தேட வேண்டும். மாஸ்பெர்க் 500-இல் சேஃப்டி முதுகின் மேலே, கட்டைவிரல் விழும் இடத்தில் இருக்கிறது. எந்தக் கைக்கும் ஒன்றுதான், கண்ணாலும் பார்த்துக்கொள்ளலாம். மேவரிக் அதே நிறுவனத்தின் மலிவு மாடல் என்றாலும் அதன் சேஃப்டி 870 மாதிரி குறுக்குப் பொத்தான். கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான் ஊரில் இல்லாத இரவுக்காக வாங்கும் துப்பாக்கி, வீட்டில் இருக்கப்போகும் ஆளின் கைக்குப் பொருந்த வேண்டும். ஐந்தடி ஏழங்குலம் இருக்கும் எனக்குச் சற்றுக் குட்டையான கட்டையை வைத்துச் சுடுவது சிரமமே இல்லை. அவளுக்கு நீளமானது உதவவே உதவாது. வீட்டில் இரண்டு பேர் பயன்படுத்துவீர்கள் என்றால் குள்ளமானவரின் அளவுக்கு வாங்குங்கள். இதை மட்டும் நான் யாரிடமும் வாதாடிச் சொல்லத் தயார்.

இரண்டாவது கடை சிறியது. மாஸ்பெர்க் 500 வரிசையில் சூப்பர் பேன்டம் என்று ஒன்று இருக்கிறது, இருபது கேஜ், 22 அங்குலக் குழல். கட்டையை இடைத்துண்டு வைத்துப் பன்னிரண்டு அங்குலத்திலிருந்து பதின்மூன்றுவரை நீட்டிக்கொள்ளலாம். அதை எடுத்துக் காட்டச் சொன்னதும், "அது சிறுவர்களுக்கானது" என்று சொல்லிவிட்டு கடைக்காரர் பன்னிரண்டு கேஜ் இருந்த பக்கம் கையைக் காட்டினார். மனைவி அசையவில்லை. "அதையே எடுங்கள்." வாங்கித் தோளில் வைத்தாள். முழங்கை சாய்வாக, கன்னம் கட்டையில் படிய, இடது கட்டைவிரல் தானாகப் போய் சேஃப்டி மேல் உட்கார்ந்தது. அவள் என் பக்கம் திரும்பிச் சிரித்ததை மறக்க மாட்டேன்.

எடை குறைந்த துப்பாக்கி என்பதால் இருபது கேஜிலும் உதை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அண்ணாவின் பன்னிரண்டு கேஜோடு ஒப்பிட்டால் பாதி பயம் போய்விட்டது. குழல் முனையில் சோக் (குண்டுகள் சிதறும் அளவைக் கட்டுப்படுத்தும் துண்டு) மாற்றிக்கொள்ளலாம், அதனால் ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், காற்றில் வீசும் களிமண் தட்டு சுடவும் இதே போதும். வரியோடு 500 டாலருக்குள் முடிந்தது.

இருபது கேஜ் வாங்குபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். இருபது கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் வருவது அழகுக்காக அல்ல. அதைத் தவறிப் பன்னிரண்டு கேஜில் போட்டால் உள்ளே வழுக்கிக் குழலுக்குள் போய் நின்றுவிடும். பின்னாலேயே இன்னொரு தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். அண்ணாவோடு ரேஞ்சுக்குப் போகும்போது அவர் தோட்டா ஒரு பையிலும் எங்களுடையது வேறு பையிலும்தான் போகும்.

சரி, படிவம். துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்ப வேண்டிய, 4473 என்ற கூட்டாட்சிப் படிவம். க்ரீன் கார்டு வைத்திருப்பவர்கள் குடியுரிமை இல்லாமலேயே வாங்கலாம், ஆனால் கார்டில் உள்ள எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். கார்டைக் கையில் கொண்டு போங்கள். 'குடியேற்றம் அல்லாத விசாவில் அனுமதிக்கப்பட்டவரா?' என்ற கேள்வியில் பலர் குழம்புகிறார்கள். எச்-1பி-யில் வந்து பிறகு க்ரீன் கார்டு வாங்கியிருந்தால் பதில் 'இல்லை'. எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பம்), எஃப்-1 (மாணவர்) நிலையில் இன்னும் இருப்பவர்களுக்கு விஷயமே வேறு. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல் அவர்கள் துப்பாக்கியை வாங்கவும் கூடாது, கையில் வைத்திருக்கவும் கூடாது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் வரும். "ஒரு தடவை சுட்டுப் பார்க்கிறேன் மச்சான்" என்று கேட்கும் எச்-1பி நண்பனுக்கு அன்பாக மறுத்துவிடுங்கள். அவன் க்ரீன் கார்டு வரிசையில் நிற்கிறவன். ஒரு போட்டோவுக்காக அதைப் பணயம் வைக்க விடக் கூடாது.

நான் செய்த தவறு அந்தப் படிவத்தில்தான். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கான கட்டத்தில் 'விருப்பமிருந்தால்' என்று போட்டிருந்தது. எதற்குக் கொடுக்க வேண்டும் என்று காலியாக விட்டேன். பின்னணிச் சோதனைக்கு எஃப்பிஐயின் என்ஐசிஎஸ் முறையில் தேடுகிறார்கள். மூன்றில் ஒரு பதில் வரும்: தொடரலாம், தாமதம், மறுப்பு. எனக்குத் தாமதம். நம் பெயர்களின் சங்கடம் தெரியும்தானே. முதல் பெயர் எது, குடும்பப் பெயர் எது என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறும். எனக்கு அப்பா பெயர் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், பழைய விசாவில் வேறு மாதிரி. என் பெயர் ஊரில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருக்கும். அந்த ஒன்பது இலக்கத்தை எழுதியிருந்தால் ஆள் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும், அந்தக் கட்டமே அதற்காகத்தான் இருக்கிறது. நீங்கள் காலியாக விடாதீர்கள்.

மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது. கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'தொடரலாம்' என்று வராமல் நாங்கள் கொடுப்பதில்லை என்றார்கள், ஆனால் பணத்தை ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். பணம் கட்டும் முன்பே இதைக் கேளுங்கள். சோதனை தொடங்கி முப்பது நாளைத் தாண்டினால் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டும் என்பதால் நாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள், புதன்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது போன் வந்தது. சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த வீண் பயணம் ரேஞ்சுக்கு. நாற்பது நிமிடம் ஓட்டி, பறவைச் சுடு தோட்டா நான்கு பெட்டியோடு உள்ளரங்க ரேஞ்சுக்குப் போய் நின்றோம். பொடிக் குண்டுகள் நிறைந்த இந்தத் தோட்டாவுக்கு உள்ளே அனுமதி இல்லை, இலக்கு மாட்டும் கம்பியையும் சாதனத்தையும் கெடுத்துவிடுமாம். நியாயம்தான். ஆனால் முதல் நாள் நான் போனில் "ஷாட்கன் சுடலாமா?" என்று கேட்டபோது "சுடலாம்" என்று மட்டும்தான் சொன்னார்கள். கேட்க வேண்டிய கேள்வி, "எந்தத் தோட்டா சுடலாம்?" என்பது.

பிறகு ஊருக்கு வெளியே திறந்தவெளி ரேஞ்சில் ஒரு பெண் பயிற்சியாளரிடம் இரண்டு மணி நேரம் கற்றோம். செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான். பம்ப் துப்பாக்கியில் சுட்ட கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற, குழலுக்குக் கீழே உள்ள கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். மனைவி முதல் தோட்டாவைச் சுட்டுவிட்டு அந்தக் கைப்பிடியை மெதுவாகப் பின்னால் இழுத்தாள், முழுக்க வரவில்லை. காலி மஞ்சள் கூடு பாதி வெளியே, பாதி உள்ளே என்று வாயில் மாட்டிக்கொண்டது. பம்ப் துப்பாக்கியில் புதியவர்களுக்கு நடக்கும் கோளாறு பெரும்பாலும் இது ஒன்றுதான். "பதமாக இழுக்காதே, கோபமாக இழு" என்றார் பயிற்சியாளர். அதற்கப்புறம் மாட்டவில்லை. இப்போது டம்மி தோட்டா வைத்து வாரம் இரண்டு நாள் பழகுகிறாள், அப்போது அசல் தோட்டா அந்த அறையிலேயே இருக்காது.

அங்கே இன்னொன்றும் செய்தோம். எங்கள் படுக்கையறை வாசலிலிருந்து முன்கதவுவரை அளந்தால் எட்டு கஜம். அதே தூரத்தில் காகிதத்தை மாட்டி, வீட்டுக்கு வாங்கிய, பெரிய குண்டுகள் கொண்ட 3-ஆம் எண் பக்‌ஷாட்டை ஒன்று சுட்டோம். நான் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், எல்லாத் துளையும் கைக்குள் அடங்கின. ஷாட்கன் அறை முழுக்கச் சிதறும், குறி பார்க்கத் தேவையில்லை என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். குறி பார்த்தே ஆக வேண்டும். இங்கே வீட்டுச் சுவர் செங்கல் இல்லை, ஜிப்சம் பலகை. பக்‌ஷாட் அதைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். மகளின் கட்டில் அந்தக் கோட்டில் இருந்தது. அன்று மாலையே கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம்.

துப்பாக்கி அலமாரிக்குள், சுவரின் மரச் சட்டத்தில் போல்ட் போட்ட பூட்டுப் பெட்டியில் இருக்கிறது. துப்பாக்கியின் சுடும் அறையில் (சேம்பரில்) தோட்டா இல்லை, குழலுக்குக் கீழே உள்ள தோட்டாக் குழாயான மேகசினில் மட்டும். பேட்டரி தீரும் வகை வேண்டாம் என்று பொத்தான் பூட்டு வாங்கினோம். தோட்டா போட்ட துப்பாக்கியைப் பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்கு எட்டும்படி வைப்பது டெக்சாஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டித்தான் வைப்போம்.

போன ஞாயிறு முதல்முறையாகத் தட்டு சுடப் போனோம். இருபத்தைந்துக்கு நான் எட்டு. அவள் பதினொன்று. இதற்கிடையே, அடுத்த முறை பெயர்க் குழப்பம் வராமலிருக்க எஃப்பிஐயில் விரல் ரேகை கொடுத்து ஒரு தனி எண் வாங்கிவைக்கலாம் என்று அண்ணா சொல்லி, அதற்கும் விண்ணப்பித்திருக்கிறேன். அந்த எண்ணை 4473-இல் எழுதினால் ஆளை அடையாளம் காண்பது எளிதாகிவிடும். சில மாதங்கள் ஆகுமாம். வந்ததும் எழுதுகிறேன்.