கம்பாலாவில் அக்கம்பக்கத்தார் செய்த வேலை

பெண்கள் மீதான வன்முறை என்றதும் சட்டம், காவல்துறை, தண்டனை என்றே பேசுகிறோம். அவை வேண்டும்தான். ஆனால் பக்கத்து வீட்டில் அடி விழும்போது டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கும் நம்மைப் பற்றி யார் பேசுவது? 'புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கெதுக்கு' என்று ஒதுங்குவது அடிப்பவனுக்குக் கொடுக்கும் தைரியம் கொஞ்சநஞ்சமல்ல.

உகாண்டா தலைநகர் கம்பாலாவில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க நடந்த 'சாசா' திட்டத்தைப் பற்றி எப்போது படித்தாலும் எனக்கு நம்பிக்கை வருகிறது. ரெய்சிங் வாய்சஸ் என்ற அமைப்பு வடிவமைத்தது. வெளியிலிருந்து ஆள் வந்து உபதேசம் செய்யவில்லை. அந்தந்தப் பகுதியில் வசிக்கும் சாதாரண ஆண்களும் பெண்களும் பயிற்சி பெற்று, தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். ஒரு படத்தைக் காட்டி, இதில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அதை அவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று கேட்பார்கள். கூடியிருப்பவர்கள் தங்களுக்குள் விவாதிக்க வேண்டும். யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் ஆரம்பிக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

2007 முதல் 2012 வரை எட்டு பகுதிகளில் ஆய்வு செய்தார்கள். நான்கில் திட்டம் நடந்தது, நான்கில் இல்லை. நடந்த இடங்களில், நடக்காத இடங்களைவிட, துணைவர் கையால் பெண்கள் அடிபடுவது சுமார் 52 சதவீதம் குறைவு. கூட்டத்துக்கு வந்தவர்களை மட்டும் கேட்டு எடுத்த கணக்கல்ல, அந்தப் பகுதி மக்களைப் பொதுவாகக் கேட்டு எடுத்தது.

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 16 நாள் பிரசாரம் வருடாவருடம் வருகிறது. பதாகை பிடிப்போம், சரி. அப்புறம் வருடக்கணக்கில் தெருவில் உட்கார்ந்து பேசும் ஆட்களுக்கும் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கச் சொல்லியும் கேட்போம்.