கழுத்து: டோக்கியோவில் லைசென்ஸ் வாங்கிய கதை

அக்டோபர் 6, 2025, திங்கள்

வெளிநாட்டு லைசென்ஸை ஜப்பான் லைசென்ஸாக மாற்றுவதற்கு இங்கே ‘கைமென் கிரிகாயே’ என்று பெயர். போன மாதம் வரை அதற்கு 10 கேள்விதான், 7 சரியாக இருந்தால் பாஸ். இந்த அக்டோபர் 1 முதல் 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். கார் ஓட்டிக் காட்டும் தேர்விலும் பிடியை இறுக்கிவிட்டார்கள். ஆறு வருஷமாக நிசி-காசாயில் உட்கார்ந்துகொண்டு ‘பார்த்துக்கலாம்’ என்றிருந்த நான், விதி மாறி ஐந்தாம் நாள் படிவத்தைத் தேடுகிறேன்.

“ஆகஸ்டுலயே சொன்னேன்ல?” என்றாள் மனைவி. சொன்னாள்தான்.

இவ்வளவு நாள் காருக்கு வேலை இல்லை. வீட்டிலிருந்து எட்டு நிமிஷம் நடந்தால் தோசாய் லைன் மெட்ரோ ரயில். ஏப்ரலில் ஆபீஸ் சுகுபாவுக்கு மாறுகிறது. அங்கே கார் இல்லாதவன் அரிசி மூட்டையைச் சுமந்துகொண்டு நடக்க வேண்டியதுதான். 2019-இல் வந்தபோது கொண்டுவந்த சர்வதேச பர்மிட் ஒரு வருஷத்தோடு செத்துப்போனது.

அக்டோபர் 23, வியாழன்

இந்திய லைசென்ஸின் மொழிபெயர்ப்பு வந்துவிட்டது. ஜாஃப் என்கிற வாகன ஓட்டிகள் சங்கம் செய்து தருகிறது. என் பெயரைக் கதகனா என்கிற ஜப்பானிய எழுத்தில் எழுதினால் ஒரு மிட்டாய்க் கடையின் பெயர் மாதிரி இருக்கிறது.

இன்னொரு சிக்கல். லைசென்ஸ் வாங்கிய பிறகு அந்த நாட்டில் மொத்தம் மூன்று மாதமாவது இருந்ததைக் காட்ட வேண்டும். நான் பிறந்து வளர்ந்ததே மதுரை, லைசென்ஸ் வாங்கியது 2014-இல், ஊரை விட்டுக் கிளம்பியது 2019-இல். ஆனால் கையில் இருப்பது இங்கே புதுப்பித்த பாஸ்போர்ட். பழையது மதுரை வீட்டு பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில். அப்பா கூரியரில் அனுப்புகிறார். கூடவே அரை கிலோ பருப்புப்பொடி வருகிறது என்று தகவல்.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று ஆவணச் சரிபார்ப்பு. கவுன்ட்டரில் இருந்தவர் பழைய பாஸ்போர்ட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சென்னை விமான நிலைய முத்திரை ஒன்று, 2019. அதற்கு முன்னால் எல்லாமே வெள்ளைப் பக்கம். எங்கேயும் போகாதவன் என்பதற்கு வெற்றுப் பக்கங்களே சாட்சி. தலையசைத்தார்.

அப்புறம் லைசென்ஸில் இருக்கும் ‘எஸ்’ பாஸ்போர்ட்டில் ஏன் இல்லை, அங்கே ஏன் முழுப்பெயராக இருக்கிறது என்றார். அது அப்பாவின் பெயர், எங்கள் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துதான் முன்னால் நிற்கும் என்று விளக்கினேன். “அப்படியானால் உங்கள் மகனுக்கு?” என்று கேட்டார். அவனுக்கு என் பெயரின் முதல் எழுத்து. சுவாரசியமாகக் குறித்துக்கொண்டார், அது படிவத்துக்குத் தேவையா என்று தெரியவில்லை.

கடைசியில்தான் வந்தது வினை. ஊரில் தேர்வு எப்படி நடந்தது, எத்தனை நிமிஷம், எங்கே ஓட்டினீர்கள்? என் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் பக்கத்து சீட்டில் இருந்தபடி கிளட்ச்சும் பிரேக்கும் அவரே மிதிக்க, நான் ஸ்டியரிங்கை மட்டும் பக்தியோடு பிடித்திருந்தேன். இரண்டு தெரு, அவ்வளவுதான். “நிஜமான ரோட்டில், சுமார் ஐந்து நிமிஷம்” என்றேன். இரண்டுமே உண்மை.

டிசம்பர் 9, செவ்வாய்

எழுத்துத் தேர்வு பாஸ், 47. ஆங்கிலத்தில் எழுதினேன்.

எல்லாமே சரியா தவறா வகைக் கேள்விகள்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முள் இருக்கும். தெரு முனையிலிருந்து 5 மீட்டருக்குள் நிறுத்தக் கூடாது, பஸ் ஸ்டாப் கம்பத்திலிருந்து 10 மீட்டர் என்பதெல்லாம் மனப்பாடம். ரயில்வே கேட் திறந்தே இருந்தாலும் நின்றுதான் போக வேண்டும். தேங்கிய தண்ணீரை நடந்து போகிறவர் மேல் தெறிக்க விடக் கூடாது என்பது இங்கே சட்டம், அதற்கு அபராதமும் உண்டு. ஐப்பசி மாதத்து மதுரையில் இந்தச் சட்டம் இருந்திருந்தால் கஜானா நிரம்பியிருக்கும்.

ஹாரன் பற்றியும் படித்தேன். ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை உள்ள இடத்தில் அடிக்கலாம், வேறு வழியே இல்லாத ஆபத்தில் அடிக்கலாம். மற்றபடி கையை வைக்கக் கூடாது.

ஜனவரி 14, 2026, புதன்

ஊரில் இன்று போகி. நான் ஃபெயில்.

இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலிருந்து வருகிறவனுக்குப் பக்கம் மாறும். நமக்கு அதே இடது பக்கம், அதே வலதுகை ஸ்டியரிங். மதுரை பைபாஸில் ஷேர் ஆட்டோக்களுக்கு நடுவே ஓட்டியவனுக்கு, சுற்றுச்சுவர் போட்ட மைதானத்தில் ஆளே இல்லாத ரோட்டில் என்ன பயம்?

100-இல் ஆரம்பித்துக் கழித்துக்கொண்டே வருவார்கள், 70-க்குக் கீழே போகக் கூடாது. காரில் ஏறுமுன் முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தேன். சீட், கண்ணாடி, பெல்ட் எல்லாம் சரி. முதல் இடது திருப்பம், இரண்டாவது, லேன் மாற்றம். பாதியிலேயே திரும்பிப் புறப்பட்ட இடத்துக்குப் போகச் சொல்லிவிட்டார் தேர்வு அதிகாரி.

நிறுத்திய பிறகு ஒரே வார்த்தையை மூன்று முறை சொன்னார்: காகுனின். உறுதி செய்துகொள்வது. “கண்ணாடியில் பார்த்தேனே” என்றேன். நீங்கள் பார்த்தது எனக்குத் தெரியவில்லை என்றார். இடது பக்கம் திரும்பும்போது காரின் வயிற்றுப் பக்கம் சைக்கிள் ஒன்று நுழைந்திருக்கலாம். அதைக் கண்ணாடி காட்டாது, கழுத்தைத் திருப்பினால்தான் தெரியும். நான் கண்ணை மட்டும் உருட்டியிருக்கிறேன்.

பழையன கழிதல் என்று மனைவி பொங்கல் பானையை எடுத்து வைத்தபடியே சொன்னாள்.

ஜனவரி 29, வியாழன்

தோசாய் லைனில் முதல் பெட்டியில் ஏறி, டிரைவர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன். ஆறு வருஷமாக அதே ரயில், இதுவரை அவரைப் பார்த்ததில்லை. வெள்ளைக் கையுறை. ஒவ்வொரு சிக்னலுக்கும் விரலை நீட்டி, வாய்விட்டு எதையோ சொல்கிறார். ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது, வேகமானியைப் பார்க்கும்போது, எல்லாவற்றுக்கும் விரல், குரல். அவருக்குப் பச்சை விளக்கு தெரியாமலா இருக்கிறது? பார்த்ததை உடம்பாலும் சொன்னால்தான் மனசு தூங்காமல் இருக்கும் போல.

சனிக்கிழமை பயிற்சி மைதானத்தில் ஒரு மணி நேரம் எடுத்திருக்கிறேன். காசு கொஞ்சம் கூடத்தான்.

ஜனவரி 31, சனி

பயிற்சி கொடுத்தவருக்கு எழுபது வயது இருக்கும். என்னை விரல் நீட்டியே ஓட்ட வைத்தார். இண்டிகேட்டர் போடு, மனசுக்குள் மூன்று எண்ணு, கண்ணாடி, தோளுக்குப் பின்னால், அப்புறம்தான் ஸ்டியரிங். வளைவுக்கு 30 மீட்டர் முன்னால் இண்டிகேட்டர், காரை இடது ஓரத்தோடு ஒட்டு. ஓரத்தை ஒட்டிவிட்டால் சைக்கிள் நுழைய இடமே இல்லை. அதற்காகத்தான் ஒட்டச் சொல்கிறார்கள் என்பது இன்றைக்குத்தான் புரிந்தது. நான் ஏதோ சடங்கு என்று நினைத்திருந்தேன்.

ரயில்வே கேட்டில் நின்று, ஜன்னலை இறக்கி, காது கொடுக்க வேண்டும். வராத ரயிலுக்குக் காது கொடுத்தேன். ராத்திரி கழுத்தில் தைலம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மறுபடியும் ஃபெயில். கழுத்து பாஸ், பின்சக்கரம் ஃபெயில். ‘கிராங்க்’ என்று இரண்டு செங்கோண வளைவு உள்ள சந்து. பின் இடது சக்கரம் ஓரக்கல்லில் ஏறியது. ஏறினால் உடனே நின்று, ரிவர்ஸில் இறங்கினால் மார்க் குறைவதோடு போகும். நான் ஊர்ப் பழக்கத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தி ஏற்றி இறக்கிவிட்டேன். எட்டுப் போட்டு வாங்கிய லைசென்ஸ் எஸ் வளைவில் கைகொடுத்தது, செங்கோணத்தில் கைவிட்டது.

மார்ச் 3, செவ்வாய்

பாஸ்.

கிராங்கில் நத்தை வேகம். தோள் வளைவுக்கு நேராக வந்த பிறகு திருப்பு என்று பயிற்சி கொடுத்த தாத்தா சொன்னதைச் சொல்லிக்கொண்டே போனேன், தமிழில், சத்தமாகவே. அதிகாரி ஒன்றும் கேட்கவில்லை. முடிந்ததும் “நல்லா இருந்தது, இன்னும் கொஞ்சம் இடது ஓரமாகப் போகலாம்” என்றார்.

அட்டையில் ‘ஆட்டோமேட்டிக் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கிறது. கியர் வண்டியில் தேர்வெழுத எனக்குத் துணிச்சல் இல்லை. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே வரியில் நெருக்கியடித்து நிற்கின்றன.

மார்ச் 22, ஞாயிறு

வாடகைக் கார் எடுத்து சுகுபாவுக்கு வீடு பார்க்கப் போய்வந்தோம். ஒவ்வொரு இடது திருப்பத்திலும் பின்சீட்டிலிருந்து மகனும் கழுத்தைத் திருப்பினான்.

வந்ததும் அப்பாவுக்கு வீடியோ கால். கீழே கொண்டுபோய் காரைக் காட்டினேன். சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னார். டயர் பார்த்தார்.

“வண்டி நல்லாத்தான் இருக்கு. ஏப்பா, ஹாரன் சத்தமா கேக்குதா?”

அடித்துப் பார்க்கவே இல்லை என்றேன். காலையிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர் போல ஓட்டியிருக்கிறேன்.

“அடிக்காமயா ஓட்டுன?”