டி.என்./டி.சி. எண்ணை யாரிடமும் கடன் வாங்காதீர்கள்

வெட்டிய கரும்பு ஆலைக்குப் போகத் தாமதமானால் லியூகோனோஸ்டாக் பாக்டீரியா அதிலுள்ள சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற நீளச் சங்கிலி மூலக்கூறாக மாற்றிவிடும். சாறு கெட்டியாகி ஆலை திணறும். டர்பன் பக்கத்து ஆலை ஒன்றுக்காக அந்த டெக்ஸ்ட்ரானின் மூலக்கூறு எடையை ஒளிச்சிதறல் முறையில், அதாவது கரைசலில் லேசரைச் செலுத்தி எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி சிதறுகிறது என்று பார்த்து, அளக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்குக்கு டி.என்./டி.சி. (dn/dc) வேண்டும்: செறிவு கூடும்போது கரைசலின் ஒளிவிலகல் எண் எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் எண் அது. கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்தது. என் உயிரை எடுத்தது மற்றதெல்லாம்.

முதலில், கரைசலிலிருந்து தூசியை எடுக்கும் வடிகட்டி. 0.2 மைக்ரான் கேட்டிருந்தேன், வந்தது 0.45. மாற்றித் தரச் சொல்லி வெயிலில் விற்றவர்களின் கிடங்குவரை போனால், "ரெண்டும் ஃபில்டர்தானேம்மா" என்கிறார் கவுண்டரில் இருந்தவர். ரெண்டும் ஒன்றில்லை! பெரிய துகள் மிக அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும். ஒரே ஒரு தூசி போதும், 30 டிகிரி மாதிரி சிறு கோணங்களில் எடுக்கும் அளவுகள் எல்லாம் எகிறிவிடும். மேலதிகாரி இல்லை, திங்கட்கிழமை வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். போன பெட்ரோல் போனதுதான்.

நடுவில் லோட் ஷெட்டிங் வேறு. லேசர் அணைந்தால் மறுபடி நிலைப்படும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். அட்டவணையைப் பார்த்து நேரம் பிடியுங்கள்.

டொலுவீனை வைத்துக் கருவியைச் சரிபார்த்தது, ஐந்து செறிவுகளில் அளந்து ஜிம் வரைபடம் (கோணம், செறிவு இரண்டையும் சுழியம்வரை நீட்டி எடையைக் கண்டுபிடிக்கும் Zimm வரைபடம்) போட்டது, எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த, மூலக்கூறு எடை 5 லட்சம் என்று சான்றிதழ் சொன்ன டெக்ஸ்ட்ரான் எனக்கு 5.9 லட்சம் காட்டியது. அப்புறம்தான் டி.என்./டி.சி. மேல் சந்தேகம் வந்தது. வேறொரு ஆய்வகம் மின்னஞ்சலில் அனுப்பிய எண் 0.135. எந்த அலைநீளம், எந்த வெப்பநிலை, எந்தக் கரைப்பான், எதுவும் அதில் இல்லை. கேட்டு எழுதினேன், பதிலே வரவில்லை. சமன்பாட்டில் இந்த எண் வர்க்கமாக வருகிறது. அதனால் இதில் 10 சதவீதம் பிசகினால் எடையில் ஏறக்குறைய 20 சதவீதம் பிசகும். பக்கத்துத் துறையில் ஒளிவிலகலை அளக்கும் ஒரு ரிஃப்ராக்டோமீட்டரை இரவல் கேட்டு, எங்கள் லேசரின் 633 நானோமீட்டரிலேயே நானே அளந்தேன்: கிராமுக்கு 0.147 மில்லிலிட்டர். அதைப் போட்டதும் எடை 5 லட்சத்தில் வந்து உட்கார்ந்தது. அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

டெக்ஸ்ட்ரான் பொடி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரத்தைக் கழிக்காமல் எடை போட்டால் செறிவே தப்பு. ஆலை மாதிரியில் இன்னொன்றையும் பாருங்கள்: மிகப் பெரிய சங்கிலிகள் வடிகட்டியிலேயே தங்கிவிடலாம், அதனால் வடிகட்டிய பிறகு செறிவை மறுபடி அளக்க வேண்டும். நிறைய குறைந்திருந்தால் வடிகட்டியை விட்டுவிட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றித் தூசியைக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.