எலி மேல் போட்ட பழி

எங்கள் வீட்டுக்கு எலி வந்து நாலு நாள் ஆகிறது. பரணில் கட்டி வைத்திருந்த பழைய ரசீதுகளை முடித்துவிட்டு என் செருப்பு வாருக்கு வந்திருந்தது. செருப்பில் கை வைத்த பிறகு சும்மா இருக்க முடியுமா? மனைவி எலிப்பொறியைத் தூசி தட்டிக் கொடுத்து, "சாயங்காலம் மறக்காம ஒரு மசால் வடை வாங்கிட்டு வாங்க. சூடா இருக்கணும், அப்பதான் வாசனைக்கு வரும்" என்றாள். எனக்குக்கூட இவ்வளவு பார்த்துச் செய்ததில்லை.

வடையை வாங்கிக்கொண்டு நடந்தேன். நினைப்பெல்லாம் எலிச் செய்திகள்தான். பேப்பரில் அவற்றை மட்டும் நான் விடுவதே இல்லை. 2018இல் அசாமில் தின்சுகியா ஏடிஎம்முக்குள் புகுந்து 12 லட்ச ரூபாய்க்கு மேல் நோட்டுகளைக் கடித்துக் குதறின. அதற்கு முந்தைய வருடம் பீகாரில், மதுவிலக்கில் பிடிபட்ட சரக்கை எலிகள் குடித்துவிட்டதாகப் போலீசார் சொன்னார்கள். 2023இல் சென்னையிலும் 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டது என்று போலீசார் கோர்ட்டில் சொல்ல, பிடிபட்ட இருவரும் விடுதலை ஆனார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் 2022இல் உத்தரப் பிரதேசத்து மதுரா. போலீஸ் பிடித்து வைத்திருந்த 581 கிலோ கஞ்சா, எலி தின்றுவிட்டதாம்! ஓர் எலி நாளைக்கு 20 கிராம் தின்னும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரே எலி என்றால் தின்று முடிக்க 79 வருடத்துக்கு மேல் ஆகும். எலியின் ஆயுளோ ஒன்றிரண்டு வருடம். அப்படியென்றால் தாத்தா, மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாக...

தெருமுனை வந்தபோது கையில் எண்ணெய்க் காகிதம் மட்டும் இருந்தது. கணக்குப் போட்ட நேரத்தில் கை தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

திரும்பிப் போக சோம்பல். வெறும் பொறியை அடுப்பு மேடைக்குக் கீழே தள்ளி வைத்தேன். வாயை மூடிக்கொண்டு படுத்திருக்கலாம். ராத்திரி சாப்பிடும்போது மதுரா கதையை எடுத்துவிட்டேன். "எலிதான் தின்னுச்சுங்கிறதுக்கு ஆதாரம் எங்கேன்னு கோர்ட்டே கேட்டுச்சு!" என்று நான் சிரிக்க, அவளுக்குப் புரையேறிவிட்டது.

காலையில் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "வடை எங்கே?"

"எலி தின்னுட்டுப் போயிருக்கும்."

"கதவு தூக்கினது தூக்கினபடியே இருக்கே. வடையைத் தின்னுட்டு, கதவை மறுபடி மாட்டிட்டுப் போச்சா?"

"பழைய பொறிதானே, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்."

துவைக்கப் போட்டிருந்த என் சட்டையை எடுத்து வந்து பாக்கெட்டைக் கவிழ்த்தாள். பொரிந்த கடலைப்பருப்பு இரண்டு, ஒரு கருவேப்பிலை. தரையில் விழுந்ததைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ரெண்டா வாங்கிட்டு வாங்க" என்றாள். "எலிக்கு ஒண்ணு, போலீசுக்கு ஒண்ணு."