செந்திலாண்டவனிடம் கேட்ட ஜன்னல் ஓரம்

ரெண்டு வயதில் எனக்கு மஞ்சள்காமாலை. பிழைப்பேனா என்று வீடே கலங்கி நின்றபோது ஆச்சிதான் நேர்ந்துகொண்டாளாம்: "செந்திலாண்டவா, பேரனக் காப்பாத்திக் குடு, ஒன் வாசல்ல முடி எறக்குதேன்."

அவன் உடனே கொடுத்துவிட்டான். நாங்கள்தான் ஐந்து வருஷம் இழுத்தடித்தோம். ஒரு வருஷம் விளைச்சல் இல்லை, மறு வருஷம் தாத்தா போய்ச் சேர்ந்தார். நேர்ச்சை முடியில் கத்தி படக்கூடாது என்பதால் ரெட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போனேன். அந்தக் கதை வேண்டாம்.

1987 சித்திரையில் முக்கூடலிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி ஜங்ஷன், அங்கிருந்து திருச்செந்தூர் ரயில். அதுதான் என் முதல் ரயில் பயணம். ஜன்னல் ஓரம் எனக்குத்தான் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏறியதும் அத்தை, "எனக்கு வாந்தி வரும்" என்று உட்கார்ந்துவிட்டாள். அவள் தோளுக்கும் கம்பிக்கும் நடுவில் தெரிந்த இடுக்குதான் எனக்கு. செய்துங்கநல்லூர் தாண்டி வயலும் வாழையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தன. ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், காயல்பட்டினம். பெருமாள் ஊர், வேதக்காரர் ஊர், துலுக்கமார் ஊர் எல்லாவற்றையும் தாண்டித்தான் முருகன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று மாமா சிரித்தார். ஆறுமுகநேரிப் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் குவித்திருந்ததைக் கேட்டேன். "உப்புல அது" என்றார். நம்பவில்லை.

மொட்டை போட்டவர் அவசரக்காரர், மூன்று இடத்தில் கீறிவிட்டார். அப்படியே மாமா கடலுக்குத் தூக்கிப் போனார். தாமிரபரணி தவிர வேறு தண்ணீரைப் பார்த்திராதவன் நான். அலை வந்து தலையில் அடித்ததும் உப்பு கீறலில் ஏறி, வலியில் கத்தினேன். மூன்று முங்கு முடிந்து, நாழிக்கிணற்றில் ஆச்சி தலையில் ஊற்றினாள் பாருங்கள், அந்தக் குளிர்ச்சி! கடலை ஒட்டி இப்படி நல்ல தண்ணீர் கொடுக்க அவனால்தான் முடியும்.

கூட்டம் தாங்கவில்லை. "சீக்கிரமாக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருத்தன் மாமாவிடம் பத்து ரூபாய் வாங்கினான். நாங்கள் நின்ற அதே வரிசையில் நாலு ஆளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு மறைந்துபோனான். ஆச்சி அவனை வைத வசவை சன்னதித் தெருவில் எழுதக்கூடாது.

வழி முழுக்க எனக்கு ஒரே பாடம்தான். "நல்ல படிப்பு, நல்ல புத்தி, நீண்ட ஆயுசு. இதத்தான் கேக்கணும்." உள்ளே எனக்கு முதுகுகள்தான் தெரிந்தன. தீபாராதனை மணி அடித்ததும் மாமா சட்டென்று தோளில் ஏற்றினார். அத்தனை தலைகளுக்கு மேலே அவன் நின்றான். கற்பூர வெளிச்சம் ஏறி இறங்க, அந்த முகம் என்னைப் பார்ப்பதும் வேறெங்கோ பார்ப்பதுமாக இருந்தது. சடையில்லாத தலையோடு நான் வந்துவிட்டேன் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது போலிருந்தது. கீழே ஆச்சி வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பாடம் மொத்தமும் மறந்துபோய், வாயில் வந்ததைக் கேட்டேன்: "திரும்பிப் போகும்போது ஜன்னல் ஓரம் வேணும்."

அவ்வளவுதான், தள்ளிவிட்டார்கள்.

பன்னீர் இலை விபூதியை ஆச்சி முந்தானையில் முடிந்துகொண்டாள். ரயிலில் ஏறியதும் அத்தைக்குத் தலைவலி, ஆச்சி மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஜன்னல் ஓரம் காலி! கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜங்ஷன் வரை நான் கண்ணிமைக்கவில்லை. மொட்டைத் தலையில் காற்று பட்டுக் கீறல் எரிந்தது. ஆச்சி இலையை எடுத்து, நரம்பு பன்னிரண்டும் அவன் கை பன்னிரண்டு என்று காட்டி, திருநீற்றைத் தலையில் தடவிவிட்டாள். "கேட்டியால?" என்றாள். கேட்டேன் என்றேன். "குடுப்பான்."

பிறகு நான் பாஸானபோதும், வேலை கிடைத்தபோதும், என் மகள் சுகமாகப் பிறந்தபோதும், "அன்னைக்கு இவன் சன்னதியில கேட்டதுல்லா" என்று ஊரெல்லாம் சொன்னாள். நான் கேட்காமலேயே இத்தனையும் கொடுத்திருக்கிறாய், முருகா, நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. கடைசிவரை அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. இப்போது எழுதிவிட்டேன். அங்கே ஆச்சி கோபித்துக்கொள்வாள், நீதான் சமாதானம் சொல்லணும்.