சுங்கை சிப்புட் போனால் கார்புரேட்டரைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும்

"கார்புரேட்டர் மாத்தணும், காயில் மாத்தணும், பேட்டரியும் போயிடுச்சு அண்ணே. எல்லாம் சேர்த்து 280 வெள்ளி."

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் பட்டணத்துப் பட்டறை ஒன்றில் சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்த கணக்கு இது. பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல் எழுதியது. வண்டியோ மாதக்கணக்கில் தோட்டத்து வீட்டுக் கொட்டகையில் நின்ற பழைய ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய் மோட்டார் சைக்கிள். உதைத்தால் கிளம்புகிறது, சோக்கை (குளிர்ந்த எஞ்சின் கிளம்பக் காற்றைக் குறைக்கும் விசை) விலக்கினால் செத்துவிடுகிறது. ஐம்பது வெள்ளிக்குள் முடிகிற வேலைக்கு இந்த விலை! தீபாவளிக்கு இந்த ஊருக்கு வருகிறவர்களுக்காக வழி, சாப்பாடு, மோட்டார் என்று ஒழுங்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த எரிச்சலில் அந்த ஒழுங்கு நிற்குமா தெரியவில்லை.

வழியில் சிரமம் இல்லை. கோலாலம்பூர் சென்ட்ரலில் ஈப்போவைத் தாண்டிப் போகும் இடிஎஸ் மின்சார ரயில் ஏறினால் ஈப்போவுக்கு அடுத்து வரும் நிறுத்தங்களில் சுங்கை சிப்புட்டும் ஒன்று. தீபாவளி வாரத்துக்கு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் இடமே இருக்காது. சிரமமெல்லாம் இறங்கிய பிறகுதான். நிலையத்துக்கு வெளியே நிற்கிற காரோட்டி லிந்தாங் சாலைத் தோட்டம் ஒன்றுக்கு 40 வெள்ளி கேட்கிறார். பேரம் பேசினால் 35. திரும்பி வர மறுபடி அதே தொகை. தோட்டத்துப் பக்கம் கைப்பேசியில் கார் கூப்பிட்டால் வரும் என்று நம்பி உட்காராதீர்கள். உறவுக்காரர் வீட்டில் நிற்கிற மோட்டார்தான் இங்கே போக்குவரத்து. அது ஓடினால் பயணச் செலவு பாதியாகக் குறையும், ஓடாவிட்டால் தீபாவளிக் காசு முழுக்கக் காரோட்டிக்குத்தான்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் இவை. பிள்ளைகள் கிள்ளானிலும் ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறார்கள். அவர்கள் விட்டுப்போன மோட்டார் அம்மா வீட்டு ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும். 1948 ஜூன் 16இல் எல்பில் தோட்டத்தில் துரை (வெள்ளைக்கார மேலாளர்) சுடப்பட்டது, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் கால அவசரகாலம் பிறந்தது என்று இந்த ஊருக்கு வரலாறு உண்டு. மஇகா தலைவராக இருந்த துன் சம்பந்தனின் ஊர் என்கிற பெருமையும் உண்டு. இப்போதைக்கு என் கண்ணில் பட்டதென்னவோ வரிசையாக நிற்கிற தார்ப்பாய்கள்தான்.

நின்ற வண்டி ஏன் இப்படிப் படுத்துகிறது? பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடும். குளிர்ந்த எஞ்சின் கிளம்ப வேண்டியது அதுதான். மிச்சமிருப்பது காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகும். டாங்கியில் நிறையப் பெட்ரோல் இருப்பதால் அங்கே தாமதமாகும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருப்பது கொஞ்சம்தான், அதனால் சில வாரங்களிலேயே கெட ஆரம்பித்துவிடும். முறுக்காமல் நின்றபடி எஞ்சின் ஓடும்போது (அதுதான் ஐடிலிங்) பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் ஒரு துளி பிசின் காய்ந்தால் போதும், ஐடிலிங் போய்விடும்.

வண்டி பேசுவதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் பைலட் ஜெட். ஐடிலிங் சரி, முறுக்கினால் திணறுகிறது என்றால் வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட். ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டினால் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட் ஊசி சரியாக அமரவில்லை. சில கிலோமீட்டர் ஓடிச் செத்து, டாங்கி மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அந்தக் கடைசிக் கோளாறுக்குச் செலவே இல்லை, துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

இனிப் பட்டறைக் கணக்கின் மற்ற இரண்டு வரி. கார்புரேட்டர் வைத்த இஎக்ஸ்5இல் பொறிக்கு வேண்டிய மின்சாரம் எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் மேக்னெட்டிலிருந்தே வருகிறது. பேட்டரி செத்தால் ஹார்னும் சிக்னலும் மங்கும், ஐடிலிங் கெடாது. பிளக்கில் பொறி விழ மின்னழுத்தம் ஏற்றும் காயிலைச் சந்தேகித்தால் பிளக்கைக் கழற்றி, கேப்பில் செருகி, எஞ்சின் உலோகத்தில் ஒட்டி வைத்து உதைத்துப் பாருங்கள். நீலப் பொறி பட்பட்டென்று விழுந்தால் காயிலில் குறையில்லை. பக்கத்தில் பெட்ரோல் சிந்திக் கிடக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் எடுத்த எடுப்பில் உதைக்காதீர்கள். பிளக் துளையில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு, கிக்கரைக் கையால் மெல்லப் பத்துத் தடவை அழுத்துங்கள். தடையில்லாமல் சுற்றினால் புதுப் பிளக் போடலாம். என்ஜிகே சி7எச்எஸ்ஏ, இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர், விலை பத்து வெள்ளிக்குள். கையால் கடைசிவரை திருகிவிட்டு, அப்புறம்தான் 16 மி.மீ. பிளக் சாவியால் அரைச் சுற்று. சாவியை வைத்தே ஆரம்பித்தால் அலுமினிய மரை போய்விடும், அந்தச் செலவுக்கு முன் 280 வெள்ளி சின்னதாகிவிடும்.

அடுத்து அடிக்கிண்ணத்தின் டிரெய்ன் திருகு. அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். மஞ்சளேறி வார்னிஷ் நாற்றம் அடித்தால் பழசு. துரு மண் வந்தால் டாங்கியும் பார்க்க வேண்டும். இதற்கு மேல் புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், டாங்கியை முழுக்கக் காலி செய்யுங்கள். கடைகளில் விற்கும் ஆக்டேன் பூஸ்டர், இன்ஜெக்டர் கிளீனர் எல்லாம் இந்தக் கட்டத்தில் வீண் காசு. மருந்து ஓட்டை வழியாகப் போனால்தானே ஓட்டையைத் திறக்கும்? ஓட்டையே அடைத்திருக்கிறதே! வடித்த பெட்ரோலைக் கால்வாயில் ஊற்றாமல் பட்டறைக் கழிவு டிரம்மில் சேர்த்துவிடுங்கள்.

கார்புரேட்டரைக் கழற்ற முன் பாடி கவரை எடுக்க வேண்டும். பெட்ரோல் ஹோஸை மடித்துக் கவ்வி, காற்றுக் குழாய் கிளாம்பைத் தளர்த்தி, மேல்மூடியைத் திறந்து ஸ்லைடோடு ஆக்சிலேட்டர் கேபிளை வெளியே எடுத்துவிட்டால், அப்புறம் மேனிஃபோல்டில் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்தான் பாக்கி. அடிக்கிண்ணத் திருகுகள் மெத்தென்ற உலோகம். பொருந்தாத ஸ்குரூடிரைவரை வைத்துத் திருப்பினால் தலை வழுக்கிவிடும், ஆகவே பொருந்துவதை வைத்து அழுத்தித் திருப்புங்கள். ஐடிலிங் கலவையைச் சரிசெய்யும் பைலட் திருகை எடுக்குமுன் மெல்ல உள்ளே திருகி, எத்தனை சுற்றில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். திரும்பப் பொருத்தும்போது அந்த எண் தேவைப்படும். தொலைத்தவர்கள் ஒன்றரைச் சுற்று வெளியே என்று ஆரம்பிக்கலாம்.

ஃப்ளோட்டின் அச்சை உருவினால் ஊசி கையில் விழும். சின்னது, புல்லில் விழுந்தால் போச்சு, கீழே ஒரு தட்டு வையுங்கள். ரப்பர் ஓ-ரிங் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கார்ப் கிளீனர் அடிக்க வேண்டும், பட்டால் ரப்பர் ஊதிப்போய் மறுபடி பள்ளத்தில் அமராது. கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், ஒரு துளையில் அடித்தால் இன்னொரு துளையிலிருந்து முகத்தில் பீய்ச்சும். எல்லாத் துளையிலும் அடித்து அரைமணி ஊற விடுங்கள்.

அந்த அரைமணிதான் பசியாறும் நேரம். பட்டணத்துக் கடையில் தோசை மொறுமொறுவென்று வருகிறது, தேங்காய்ச் சட்னியோடு ஒரு காரச் சட்னி, கேட்காமலே இரண்டாம் தடவை சாம்பார். தே தாரிக் நுரை தளும்ப. எல்லாம் சேர்த்துப் பத்து வெள்ளி ஆகவில்லை. கோலாலம்பூரில் இந்தக் காசுக்குத் தண்ணீரும் ஒரு வடையும்தான்! மதியம் வாழை இலையில் ஆட்டுக்கறி பிரட்டல் இருக்கிறது என்றார்கள். மசாலாவில் மிளகு தூக்கல், எலும்போடு போட்ட கறி, கஞ்சத்தனம் இல்லை. அந்தக் கறிக்காகவே இன்னொரு தடவை ரயில் ஏறலாம்.

கறியை விட்டு ஜெட்டுக்கு வருவோம். ஜெட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வட்டமாக ஒரு புள்ளி வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மின்கம்பியைச் சீவி, உள்ளே இருக்கும் செம்பு இழைகளில் ஒன்றை மட்டும் எடுத்து நுழைத்துப் பாருங்கள். தையல் ஊசி, கித்தார் கம்பி, துளையிடும் பிட் எதுவும் வேண்டாம். பித்தளை ஓட்டை கொஞ்சம் பெரிதானால் அதன்பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும், கறுப்புப் புகை விடும், யாராலும் ட்யூன் செய்ய முடியாது. சில கார்புரேட்டரில் பைலட் ஜெட் அழுத்திப் பொருத்தியிருக்கும், கழறாது. அங்கே கிளீனர், காற்று, மறுபடி கிளீனர் என்று மாற்றி மாற்றி அடிப்பதுதான் வழி. டயர் கடைக்காரரிடம் கேட்டால் காற்று இலவசம்.

மூடுமுன் ஒரு சோதனை. பெட்ரோல் ஹோஸில் வாய் வைத்து ஊதுங்கள். கார்புரேட்டரை நிமிர்த்திப் பிடித்தால் காற்றுப் போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஊசியின் நுனியில் தழும்பு விழுந்திருக்கிறது. ஊசி மட்டும் சில வெள்ளிக்குக் கிடைக்கும், முழுக் கார்புரேட்டர் வாங்க வேண்டியதில்லை. ஐம்பது அறுபது வெள்ளிக்கு விற்கும் நகல் கார்புரேட்டர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உள்ளே என்ன அளவு ஜெட் இருக்கும் என்பதே அதிர்ஷ்டம். துடைத்த பழைய ஒரிஜினலே மேல்.

பொருத்தி ஓட்டிய பிறகும் ஐடிலிங் ஏறி இறங்கினால் மேனிஃபோல்டு இணைப்பில் காற்று கசிகிறதா பாருங்கள். எஞ்சின் ஓடும்போது இணைப்பைச் சுற்றிக் கொஞ்சம் கிளீனர் அடித்தால், கசிவு இருக்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் சட்டென்று மாறும். எக்ஸாஸ்ட் சூடேறுமுன் செய்ய வேண்டிய சோதனை இது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பைலட் திருகைக் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்தி, ஐடிலிங்கை நிமிடத்துக்குச் சுமார் 1400 சுற்றுக்கு இறக்குங்கள். இஎக்ஸ்5 வால்வு இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.05 மி.மீ. அதைச் சூட்டோடு பார்க்காதீர்கள். கடைசியாக எஞ்சின் ஆயில், சுமார் 700 மி.லி. ஒரு லிட்டர் குப்பியை அப்படியே கவிழ்க்காமல் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் குச்சி) பார்த்து நிறுத்துங்கள். பழசு பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது, சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை மாற்றுவது நல்லது.

தோட்டப்புறத்துக்கே உரிய இரண்டு கோளாறு உண்டு. ஒன்று குளவி. எக்ஸாஸ்ட் முனையிலும் மெல்லிய ஓவர்ஃப்ளோ குழாயிலும் மண் கூடு கட்டிவிடும். இன்னொன்று எலி. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் செம்பனை நார் மெத்தை. இரண்டும் கார்புரேட்டர் கோளாறு மாதிரியே நடிக்கும், அதனால் முதலில் இங்கே பார்ப்பது புத்தி.

யமஹா ஒய்15 மாதிரி எஃப்ஐ வண்டிக்கு (கார்புரேட்டர் இல்லாமல் பம்ப் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சுவது) இதெல்லாம் வேண்டாம். சாவி போட்டதும் பம்ப் இரண்டு விநாடி ரீங்கரிக்கிறதா கேளுங்கள். இல்லையென்றால் பேட்டரியை அளந்து பாருங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ்.

ஓடத் தொடங்கியதும் நேரே பெட்ரோல் நிலையம். மைகார்டும் (அடையாள அட்டை) செல்லுபடியாகும் லைசென்சும் இருந்தால் பூடி95 என்கிற அரசு மானியச் சலுகையில் ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி. சலுகை இல்லாதவர்களுக்கு விலை கூடுதல், சிங்கப்பூரிலிருந்து நண்பரைக் கூட்டி வந்தால் பெட்ரோலுக்குப் பணம் கட்டுவதை அவரிடம் விடாதீர்கள். 150 சிசிக்கு உட்பட்ட மோட்டாருக்கு ரோட்டேக்ஸ் வருஷத்துக்கு 2 வெள்ளிதான், ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் அது கிடைக்காது. நின்ற வண்டிக்குப் பெரும்பாலும் இரண்டுமே காலாவதியாகியிருக்கும். சம்மன் வாங்கினால் கார்புரேட்டரில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

சோதனை ஓட்டத்துக்குக் கோலகங்சார் சாலை அருமை. சுமார் இருபது கிலோமீட்டர், ஏற்றம் இறக்கம் இரண்டும் உண்டு. முதல் இரண்டு கிலோமீட்டரில் பிரேக் டிரம்மில் துரு உரசும், அது தேய்ந்து அடங்கும்வரை வேகம் வேண்டாம். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய மரம் நிற்கிறது. தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவர்கள் வண்டியை நிறுத்தி ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாம். லக்சாவும் நன்றாக இருக்கும்.

ஊருக்குத் திரும்பும் முன் டாங்கியை விளிம்புவரை நிரப்புங்கள், காலி இடம்தான் துருப்பிடிக்கும். அடிக்கிண்ணத்தை வடித்துவிடுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். எக்ஸாஸ்ட்டில் துணி அடைத்தால் சிவப்பு நாடா ஒன்றை ஹேண்டிலில் கட்டிவிட்டுப் போங்கள். அடுத்த முறை உதைப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.